பத்தரை மீட்டரில் ஒரு கோடு

செயின்ட் ஒடிலில் டார்கா பாவ்லிக் என்ற பெயரைச் சொல்லிப் பாருங்கள். கடையில் பால் வாங்க வரிசையில் நிற்பவன்கூடத் திரும்பி, "என்ன, கரை விழுந்துடுச்சாமா?" என்று கேட்பான். கேட்டுவிட்டு அவனே சிரிப்பான். ஒரு வருஷமாக இதையே கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. கேட்கிறவர்களில் பாதிப் பேருக்கு அந்தக் கரையில் முதலில் எத்தனை துளை போட்டோம் என்றுகூடத் தெரியாது. எனக்குத் தெரியும், போட்டவனே நான்தான். ஒன்றே ஒன்று.

நான் எய்னர் ஸ்வெய்ன்சன். வின்னிபெக்கின் தெற்கு ஓரத்தில், ரெட் ஆறு வளைந்து திரும்பும் இடத்தில்தான் எங்கள் செயின்ட் ஒடில். சொந்தமாக ஒரு ரிக் லாரி வைத்திருக்கிறேன். கட்டடம் கட்டுகிறவர்களுக்கும் பாலம் போடுகிறவர்களுக்கும் தரையில் துளை போட்டு மண் எடுத்துக் கொடுப்பேன். நான் எடுத்த மண்ணைப் பார்த்து, "இது இவ்வளவு தாங்கும், இதற்கு மேல் தாங்காது" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது டார்காவின் வேலை. நகரத்தில் ஒரு பொறியியல் கம்பெனியில் இருக்கிறாள். பத்தொன்பது வருஷமாக அவளும் நானும் ஒன்றாக வேலை பார்க்கிறோம். அதில் பதினெட்டு வருஷம் சண்டைதான்.

அவளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஐம்பத்தாறு வயது. உக்ரைன் வழி வந்த விவசாயக் குடும்பம். எங்கே போனாலும் பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் ஆறிப்போன பெரோகி, அதாவது உருளைக்கிழங்கு வைத்த கொழுக்கட்டை, கொண்டுவந்து, நின்றபடியே கையால் எடுத்துத் தின்பாள். பேசும்போது அவள் கை சும்மா இருக்காது. ஒரு துண்டு களிமண்ணை உள்ளங்கையில் வைத்து இடியாப்பம் மாதிரி உருட்டிக்கொண்டே இருப்பாள். எவ்வளவு மெல்லிசாக உருட்டும்போது அது உடைகிறது என்பதை வைத்தே அந்த மண்ணின் பாதி ஜாதகத்தைச் சொல்லிவிடுவாள். கல்யாண வீட்டில்கூட அவள் கோட்டுப் பையில் களிமண் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அவளிடம் ஒரு பழுப்பு நோட்டு உண்டு. ஒழுங்காகப் பணம் செலவழித்து முழுச் சோதனை செய்த கரைகள் எத்தனையோ, அத்தனையும் அதில் இருக்கும். எந்த ஊர், எவ்வளவு ஆழம், மண் எவ்வளவு தண்ணீர் குடித்தால் கூழாகிறது, கடைசியில் அது எவ்வளவு வலுவைக் காட்டியது என்று வரிசையாக எழுதி வைத்திருப்பாள். அரைகுறைச் சோதனையோடு வரும் கரைகளுக்கு அந்த நோட்டுதான் துணை. 'இந்த மண் அந்த மண் மாதிரி இருக்கிறது, அது இவ்வளவு தாங்கியது, இதுவும் ஏறக்குறைய அவ்வளவு தாங்கும்' என்று பக்கம் பக்கமாகப் பார்த்துக் கணக்குப் போடுவாள். அவளிடம் வருகிறவை முக்கால்வாசி அரைகுறைதான். பத்துச் சோதனை கேட்டால் இரண்டு கொடுப்பார்கள். கொடுத்துவிட்டு, ஒரே எண்ணாகச் சொல் என்பார்கள்.

"டாக்டர்கிட்ட போறான் ஒருத்தன்," என்று ஆரம்பிப்பாள், இருபது தடவையாவது கேட்டிருப்பேன். "சட்டையைக் கழட்ட மாட்டேங்கிறான். நாக்கை நீட்ட மாட்டேங்கிறான். ரத்தம் குடுக்க மாட்டேங்கிறான். ஆனா என்ன வியாதின்னு இன்னைக்கே சொல்லுங்கிறான். நான் என்னத்த சொல்றது எய்னர்?"

"சளின்னு சொல்லு. யாருக்குத்தான் சளி இல்ல?" என்பேன். அவள் உருட்டிக்கொண்டிருந்த மண்ணை என் மேல் எறிவாள்.

சரி, கர்லிங் கிளப்புக்கு வருகிறேன்.

பனித்தரையில் கனமான கல்லைத் தள்ளிவிட்டு, அதற்கு முன்னால் துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டே ஓடும் ஆட்டம் அது. எங்கள் ஊரில் குளிர்காலம் என்றால் அதுதான். அக்டோபரில் கிளப்பில் பனித்தரை போட்டால் ஏப்ரல் வரை ஊரே அங்கேதான் கிடக்கும். நான் வியாழக்கிழமை அணிக்குத் தலைவன். டார்கா செவ்வாய்க்கிழமை பெண்கள் அணியில் இருபத்திரண்டு வருஷமாக முதல் கல் தள்ளுகிறவள். இரண்டாவதாகச் சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஊர் அதைச் சௌகரியமாக மறந்துவிட்டது.

கிளப் கட்டடத்தின் கிழக்குச் சுவருக்கும் ஆற்றங்கரை விளிம்புக்கும் நடுவில் ஏழு மீட்டர்கூட இல்லை. போன வருஷம் ஆகஸ்டில் நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது. கரை நிற்கும் என்று ஒரு பொறியாளர் எழுதிக் கொடுத்தால்தான் இந்தக் குளிர்காலம் கட்டடத்தைத் திறக்கலாம் என்று இருந்தது. கிளப்பின் தலைவர் என் மச்சான் மர்ரே, என் மனைவியின் தம்பி. நல்லவன்தான், வாய்தான் கொஞ்சம் நீளம். டார்காவின் கம்பெனிக்கே போனான். டார்கா மூன்று துளை கேட்டாள். கிளப் கையிருப்பு ஒரு துளைக்குத்தான் வரும் என்றான் மர்ரே. அவளுடைய மேலாளர் ஃபால்க், ஒன்றே போதும் என்று சொல்லிவிட்டார்.

"ஒரே ஒரு துளை! அந்தக் கரை நூறு மீட்டர் நீளம்!" என்று எனக்கு போனில் கத்தினாள். நான் என்ன செய்ய? எனக்கு ஒரு துளைக்குத்தான் ஆர்டர் வந்தது. ஒரு துளை போட்டேன்.

செப்டம்பர் மாதம், நல்ல வெயில். எங்கள் ஊர்த் தரையில் மேலே பழுப்புக் களிமண், கீழே சாம்பல் களிமண், அதற்கும் கீழே கல்லும் மண்ணும் கலந்து இறுகிய கெட்டித் தரை. துளை போட்டுக்கொண்டே போய், குறித்த ஆழம் வந்ததும் மெல்லிய எஃகு டியூபைக் களிமண்ணுக்குள் அழுத்துவோம். அழுத்திய உடனே தூக்கக் கூடாது. களிமண் டியூபின் உள்சுவரைப் பிடித்துக்கொள்ள நேரம் கொடுக்க வேண்டும். பதினைந்து நிமிடம். பிறகு டியூபை ஒரு திருகு திருகி மெதுவாகத் தூக்கினால் மண் முழுசாக வரும். எனக்கு அதற்கு வாட்ச் தேவையில்லை. இரண்டு கடலை வெண்ணெய் சாண்ட்விச், ஃபிளாஸ்கில் பாதிக் காபி. நிதானமாகத் தின்று முடித்தால் சரியாகப் பதினைந்து. கடைசி டியூபை மண்ணுக்குள் விட்டுவிட்டுத்தான் எப்போதும் மதியச் சாப்பாடு. இந்தத் தொழிலில் என்னைத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் இது தெரியும்.

மூன்று மீட்டர், ஆறு மீட்டர், ஒன்பது மீட்டர். மூன்று டியூபும் முழுசாக வந்தன. டார்கா அவற்றை வாங்கிக்கொண்டு சோதனைக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டாள். பத்தரை மீட்டரில் கடைசி டியூப். அழுத்தும்போது வெண்ணெயில் இறங்குவது மாதிரி இறங்கியது. சாப்பிட்டேன். திருகினேன். தூக்கினேன். காலி! உள்ளே ஒரு கைப்பிடி மண்கூட இல்லை. உள்சுவரில் சாம்பல் நிறத்தில் சோப்பு தடவின மாதிரி ஏதோ பூசியிருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு பழைய துணியை எடுத்துச் சுத்தமாகத் துடைத்தேன். எல்லா டிரில்லரும் செய்வதுதான், டியூபை அழுக்கோடு பெட்டியில் வைக்க மாட்டோம். பதிவுத்தாளில் பத்தரை மீட்டருக்கு நேராக, 'காத்த நேரம்: 15' என்று எழுதி, மண் என்ற கட்டத்தில் ஒரு சின்னக் கோடு போட்டேன். ஒன்றும் வரவில்லை என்று அர்த்தம். அப்புறம் மூட்டையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

அந்தக் கோட்டை இந்த ஊரில் ஒரே ஒரு ஆள்தான் நின்று பார்த்தாள்.

ஒரு வாரம் கழித்துப் பதிவுத்தாளின் மூலப்பிரதியைக் கொடுக்க அவர்கள் அலுவலகத்துக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. ஃபால்க்கும் டார்காவும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"மூணு மண்ணு சோதிச்சாச்சு. மூணும் நல்லா இருக்கு," என்றார் ஃபால்க். "சராசரி எடு, பதினேழு டிகிரின்னு வச்சுக்கோ, கரை நிக்குதுன்னு எழுது, வேலை முடிஞ்சுது."

அந்த டிகிரி என்பது, மண் தன்மேல் தானே வழுக்காமல் எவ்வளவு சரிவு வரைக்கும் உட்கார்ந்திருக்கும் என்ற கணக்கு. பதினேழு என்றால் நிம்மதி.

"மூணும் டியூப்ல ஒட்டிக்கிட்டு வந்த மண்ணு," என்றாள் டார்கா. "ஒட்டத் தெம்பு இருந்ததாலதான் வந்துச்சு. வராத மண்ணைப் பத்தி யாரு பேசுறது? நல்ல பசங்களை மட்டும் கூப்பிட்டுப் பரீட்சை வச்சுட்டு, வகுப்பே பாஸுங்கிறீங்க!"

"டியூப் காலியா வர நூறு காரணம் இருக்கும்மா. கல்லு மாட்டியிருக்கலாம். டிரில்லர் அவசரப்பட்டிருக்கலாம்."

"எய்னரா? அவசரமா?"

நான் வெளியே நின்று மீசையைத் தடவிக்கொண்டேன்.

அவள் நோட்டைப் பிரித்துக் காட்டினாள். கெட்டித் தரைக்குச் சற்று மேலே, இதே ஆழத்தில், டியூப் காலியாக வந்த கரைகள் நான்கு. பிறகு பெரிய செலவில் முழுச் சோதனை செய்தபோது நான்கிலும் ஒன்பது, பத்து டிகிரிக்கு மேல் தேறவில்லை. ஏற்கெனவே ஒருமுறை நகர்ந்துவிட்ட களிமண் பழைய வலுவுக்குத் திரும்பாது என்றாள். ஒன்பது என்று வைத்தால் இந்தக் கரையில் தாங்குகிற பலமும் தள்ளுகிற பாரமும் கிட்டத்தட்டச் சரிக்குச் சரி. அக்டோபர் கடைசியில் ஆற்றின் கீழ்ப்பக்கத்து அணையில் தண்ணீரைத் தடுக்கும் திரையைத் தூக்கிவிடுவார்கள். கோடை முழுக்கக் கரைக்கு முட்டுக் கொடுத்த தண்ணீர் சில நாளில் இரண்டு மீட்டர் இறங்கிவிடும். அப்புறம் முட்டு இல்லை.

"உன் எண்ணுப்படி பாத்தா அந்தக் கரை எப்பவோ போயிருக்கணும்," என்றார் ஃபால்க். "அது நிக்குதே!"

"நிக்குதா, மெல்ல நகருதான்னு யாரு அளந்து பாத்தா? வேலிக் கம்பம் எல்லாம் ஆத்தைப் பாத்துச் சாஞ்சிருக்கு. ஒன்பதா பதினேழான்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. அதுக்குத்தானே மூணு துளை கேட்டேன்!"

"ஒரு எண்ணு குடு டார்கா. நகராட்சிக்கு ஒரு எண்ணு வேணும்."

அவள் நோட்டை மேசையில் அறைந்த சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது. கடைசியில் ஃபால்க் ஒரு வழி சொன்னார். டிரில்லரைக் கேள். அவன் சரியாகக் காத்திருந்தும் டியூப் காலி என்றால் உன் எண். அவன் அவசரப்பட்டிருந்தால் என் எண்.

ஆக, கிளப்பின் தலையெழுத்து என் வாயில் வந்து நின்றது. இது மர்ரேவின் காதுக்கு எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். எங்கள் வீட்டில் ரகசியம் தங்காது. அன்று சாயங்காலமே இறைச்சிப் பொட்டலம் ஒன்றோடு வந்துவிட்டான்.

"மச்சான், ஒரு வார்த்தைதான். சீக்கிரம் தூக்கிட்டேன்னு சொல்லிடுங்க. யாருக்கு என்ன நஷ்டம்?"

"என் பேரு என்னடா ஆகறது?"

"ஒரு டியூபுக்கு உங்க பேரு கெட்டுப்போயிடுமா? நாப்பது வருஷமா நிக்கிற கட்டடம் மச்சான். அறுபத்தஞ்சு குடும்பம். குளிர்காலத்துல வேற எங்க போவோம்? டிவி முன்னாடி உக்காந்து ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டுக் கிடப்போமா?"

எனக்கும் கிளப் வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், டார்கா சொல்வது தப்பாக இருக்க வேண்டும் என்றே விரும்பினேன். மறுநாள் அவள் என் ரிக் கொட்டகைக்கு வந்தபோது தயாராக இருந்தேன்.

"எய்னர், பத்தரை மீட்டர்ல எவ்வளவு நேரம் காத்திருந்த?"

"எங்க காத்திருந்தேன்? அவசரத்துல டக்குனு தூக்கிட்டேன். அஞ்சு நிமிஷம்கூட இருக்காது."

"பதினஞ்சுன்னு எழுதியிருக்க."

"பழக்கதோஷம். கை தானா எழுதிடுது."

அவள் கையில் மண் உருண்டுகொண்டே இருந்தது. பிறகு கிளம்புகிற மாதிரி கார்ச் சாவியை எடுத்தாள்.

"அன்னைக்கு நான் பாதியில போயிட்டேன். நீ மத்தியானம் சாப்பிட்டியா இல்லையா?"

"சாப்பிடாம? ரெண்டு சாண்ட்விச், காபி."

"முழுசா?"

"முழுசாத்தான். கடைசி டியூபை உள்ள விட்டுட்டு, எப்பவும் போல."

"சரி," என்று போய்விட்டாள். எவ்வளவு அக்கறையாக விசாரிக்கிறாள் பாருங்கள் என்று நினைத்துக்கொண்டேன். இப்படி ஒரு முட்டாள் நான்!

பத்து நாளில் அறிக்கை வந்தது. மர்ரே அதைக் கிளப்பில் எல்லோர் முன்னாலும் படித்தான். பதினான்காம் பக்கத்தில் இப்படி எழுதியிருந்தாள்: 'பத்தரை மீட்டரில் டியூபை ஐந்து நிமிடத்துக்குள் தூக்கிவிட்டதாக டிரில்லர் கூறுகிறார். டியூப் மண்ணுக்குள் இருந்தபோது தாம் இரண்டு சாண்ட்விச்சும் காபியும் முழுமையாகச் சாப்பிட்டதாகவும் அவரே கூறுகிறார். இரண்டாவது கூற்றையே ஏற்றுக்கொள்கிறேன்.' அதற்குக் கீழே எண் ஒன்பது. அதற்கும் கீழே, மேலும் இரண்டு துளைகள் போட்டுச் சோதிக்கும்வரை கட்டடத்தைத் திறக்க வேண்டாம் என்று இருந்தது.

கூட்டம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. ஒருவன் சிரித்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவள் கழுத்தை நெரித்திருப்பேன். பொய் சொன்னது நான். ஆத்திரம் மட்டும் அவள்மேல்.

கிளப் பூட்டப்பட்டது. அக்டோபர் கடைசியில் ஆற்றை இறக்கினார்கள். ஊரே கரையில் போய் நின்று வேடிக்கை பார்த்தது. கரை விழவில்லை. நவம்பர் போயிற்று, விழவில்லை. டிசம்பரில் ஆறு உறைந்தது, கரை அப்படியே நின்றது. அதிலிருந்துதான் அந்தக் கேள்வி பிறந்தது. மளிகைக் கடையில் டார்காவைப் பார்த்தால் மர்ரே வேண்டுமென்றே உரக்கக் கேட்பான், "மேடம், கரை விழுந்துடுச்சா?" அவளுடைய செவ்வாய்க்கிழமைத் தோழிகள் பக்கத்து ஊர் கிளப்பில் சேர்ந்தார்கள். இவளை யாரும் கூப்பிடவில்லை.

அவள் மட்டும் சனிக்கிழமைதோறும் வந்தாள். கரையில் தானே அடித்து வைத்த நான்கு முளைகளுக்கு நடுவே டேப் பிடித்து அளப்பாள். வசந்தத்துக்குள் ஒரு சென்டிமீட்டர் விலகியிருந்தது. நகராட்சிக்கு எழுதினாள். பனியில் தரை உப்புவது சகஜம் என்று பதில் வந்தது. எனக்கும் அவளுக்கும் பேச்சு இல்லை. ஃபால்க் வேறு டிரில்லரை அமர்த்திக்கொண்டார். என் தொழிலில் பாதி போயிற்று.

இந்த செப்டம்பரில் கூட்டம் போட்டார்கள். கட்டடம் திறக்க வழியில்லை என்றால் பனித்தரை போடும் இயந்திரத்தை விற்றுவிடலாம், பக்கத்து ஊர் கிளப் கேட்கிறது என்று பேச்சு வந்தது. அது போனால் கிளப்பும் போயிற்று. மர்ரே வேறு இரண்டு கம்பெனிகளிடம் பழைய அறிக்கையைக் கொடுத்து, பதினேழு என்று மாற்றி எழுதித் தரச் சொல்லிப் பார்த்திருக்கிறான். இரண்டு பேரும் பதினான்காம் பக்கம் வரை படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

"எல்லாம் உங்க சாண்ட்விச்சால வந்த வினை," என்றான் எல்லோர் முன்னாலும்.

அங்கிருந்து நேராகக் கரைக்குப் போனேன். சனிக்கிழமை. டார்கா முட்டி போட்டு டேப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"திருப்தியா உனக்கு?" என்று கத்தினேன். "மெஷினை விக்கப் போறாங்க. கிளப் முடிஞ்சுது. ஊர்ல நான் தலைகாட்ட முடியல. எல்லாம் ஒரு காலி டியூபுக்காக! ஆமா, பதினஞ்சு நிமிஷம் காத்திருந்தேன். பொய்தான் சொன்னேன். போதுமா?"

"அது எனக்கு அன்னைக்கே தெரியும். அதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்த?"

"கரை விழலையே டார்கா! ஒரு வருஷம் ஆச்சு!"

அவள் எழுந்தாள். முகம் சிவந்திருந்தது. "விழும்னு நான் எங்கய்யா எழுதினேன்? தெரியலன்னு எழுதினேன். இன்னும் ரெண்டு துளை போடுங்கன்னு எழுதினேன். அந்த வரியை எவனாவது படிச்சானா? நான் போட்ட கணக்கு தப்பா இருக்கலாம் எய்னர். தப்புன்னு காட்டுறதுக்கு ஒரு துளை வேணும். ஒரு துளை! ரிக் யாருது?"

"என்னுது."

"கிளப் நிலம் யாரு பொறுப்பு?"

"மர்ரே."

"ஒரு நாள் வேலைடா. ஊர் மொத்தமும் ஒரு வருஷமா என்னைத் திட்டின நேரத்துல இந்தக் கரையையே சல்லடையாத் துளைச்சிருக்கலாம். உன் லாரி இங்கிருந்து மூணு தெரு தள்ளி நிக்குது!"

ஒரு துளைக்கு ஆர்டர் வந்தது, ஒரு துளை போட்டேன். அதற்கு மேல் யோசிக்கவே இல்லை. நான் யோசிக்கவில்லை, மர்ரே யோசிக்கவில்லை, அறுபத்தைந்து குடும்பத்தில் ஒருவனும் யோசிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை காலையில் லாரியைக் கொண்டுபோய்ப் பழைய துளைக்கும் கட்டடத்துக்கும் நடுவே நிறுத்தினேன். உதவிக்கு மர்ரே. சம்பளம் இல்லாமல் வரும் ஆள் அவன்தான். டார்கா வந்து இறங்கியபோது, "மேடம், இன்னைக்காவது விழுமா?" என்று ஆரம்பித்தான். நான் முறைத்ததும் வாயை மூடிக்கொண்டான்.

பதினொரு மணிக்குப் பத்தரை மீட்டர். டியூபை அழுத்தினேன். முதலில் நன்றாகவே தடுத்தது. மர்ரே என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினான். கடைசி ஒரு சாணில் அழுத்தமானியின் முள் சட்டென்று சரிந்தது, கீழே தடுக்கவே ஒன்றும் இல்லாத மாதிரி. அதை டார்காவும் பார்த்தாள், நானும் பார்த்தேன். லாரியின் பின்பலகையில் உட்கார்ந்து சாண்ட்விச்சைப் பிரித்தேன். அவள் கையை நீட்டி ஒன்றை எடுத்துக்கொண்டாள்.

"ஏய், அப்புறம் எனக்கு நேரம் எப்படித் தெரியும்?"

"என் கையில வாட்ச் கட்டியிருக்கேன், மடையா."

ஒரு வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். இருபது நிமிடம் முழுக்கக் காத்திருந்தோம். திருகினேன். மெதுவாக, குழந்தையைத் தொட்டிலிலிருந்து தூக்குவது போலத் தூக்கினேன். டியூப் கனத்தது.

"முழுசா இருக்கு!" என்று மர்ரே குதித்தான். "மச்சான், முழுசா இருக்கு! ஒட்டிக்கிச்சு!"

டார்காவின் முகத்தைப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அவன் முகத்தைவிட அவள் முகத்தில்தான் வெளிச்சம் அதிகம். "தள்ளு, தள்ளு, சீக்கிரம்," என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

டியூபை லாரியில் மாட்டி மண்ணைத் தட்டில் தள்ளினேன். சாம்பல் களிமண், கெட்டியாக, ஒரு முழம் நீளம், கண்ணுக்கு அழகாக வந்தது. அடுத்த ஒரு சாண் வெளியே வந்தபோது யாரும் தொடவில்லை, கத்தி வைக்கவில்லை. மேல்துண்டு தானாகவே சாய்வாக வழுக்கித் தட்டின் ஓரத்தில் போய் நின்றது. இரண்டு துண்டின் முகமும் பளபளவென்று கண்ணாடியாக மின்னின. அதன்மேல் மெல்லிய கீறல்கள், எல்லாம் ஒரே திசையில்.

"நல்லாத்தானே இருக்கு, பளபளன்னு?" என்றான் மர்ரே.

"அந்தப் பளபளப்புதான்," என்றாள் டார்கா. "ஒண்ணுமேல ஒண்ணு உரசி உரசி வந்தது அது. கரை ரொம்ப நாளாவே இதுமேல நகந்துக்கிட்டிருக்கு. இதுல சோதனைகூட வேண்டாம். ஒன்பதே அதிகம்."

மர்ரே தட்டைப் பார்த்தான். கட்டடத்தின் கிழக்குச் சுவரைப் பார்த்தான். பிறகு தன் காலடியைப் பார்த்தான். "மச்சான்," என்றான் மெதுவாக, "லாரியைக் கொஞ்சம் ரோட்டுப் பக்கம் தள்ளி நிறுத்திடலாமா?"

டார்கா பின்பலகையில் உட்கார்ந்துவிட்டாள். ஜெயித்தவள் மாதிரியே இல்லை. அந்த வழுக்கிய துண்டின் மேல் கட்டைவிரலை வைத்துத் தடவிக்கொண்டே, "சனியன்," என்றாள். "ஒரு தடவையாவது நான் சொன்னது தப்பா இருந்திருக்கக் கூடாதா?"

மண்ணை மெழுகுத்தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்கினேன். இந்தத் தடவை டியூபைத் துணியால் துடைக்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அவளுடைய கார்க் கதவைத் திறந்தேன். பின்சீட்டில் அவளுடைய கர்லிங் துடைப்பம் கிடந்தது. அதன் அடியில் இந்தக் குளிர்காலத்துக்கென்று புதிய துணி மாட்டியிருந்தாள், விலைச்சீட்டுகூடப் பிரிக்கவில்லை. துடைப்பத்தை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பெட்டியை அங்கே வைத்தேன்.